லா ஷப்பலின் நீலத் தகடு

'தெரியாது' என்று சொல்வதற்கு எனக்கு ஐம்பத்திரண்டு வயதும் ஓர் ஏணியும் தேவைப்பட்டன. அதுவரை யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவேன். (என்னிடம் வழி கேட்ட சுற்றுலாப் பயணிகளில் சிலர் இன்னும் பாரிஸ் புறநகரான ஒபர்வில்லியேயில், கிட்டங்கிகளுக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருக்கலாம்.)

மகள் தானே தேடிக்கொண்ட மாப்பிள்ளை அமெரிக்காக்காரன். அவனுடைய தகப்பன் தர்மலிங்கம் யாழ்ப்பாணத்தார், ஓய்வுபெற்ற எஞ்சினியர், இருப்பது ஓஹியோவின் ஒரு சின்ன ஊரில். அங்கே தெருவோரங்களில் வரலாற்றுப் பலகைகள் நிற்குமாம். 'இந்த ஓடைக்கரையில் முதல் மாவு மில் இருந்தது', 'இந்த மரத்தடியில் முதல் பள்ளிக்கூடம் நடந்தது' என்று உலோகத்தில் வார்த்து, கம்பத்தில் ஏற்றி நிறுத்துவார்கள். அவற்றுக்கு வாசகம் எழுதும் குழுவில் மனிதர் முக்கிய ஆள். ஆதாரம் இல்லாமல் ஒரு கமாவும் போடமாட்டார்.

சம்பந்தம் பேச வந்தவரை, பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்குக் கூட்டிப் போனேன். தோசை சாப்பிட்டு வெளியே வந்ததும் பெருமூச்சு விட்டார்.

"எங்கட ஊரை உண்டாக்கின மில்காரன் பாரிசிலையிருந்து வந்தவன் எண்டு பலகையிலை கிடக்கு. பாரிசிலை எந்த இடம் எண்டுதான் ஒருத்தருக்கும் தெரியாது."

மற்றவர்கள் அனுதாபப்பட்டிருப்பார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். சின்னராசாவின் மளிகைக் கடைக்கு மேலே, முதல் மாடிச் சுவரில், புகை படிந்த நீலத் தகடு ஒன்று. இருபது வருடமாக அதன் கீழே நின்று முருங்கைக்காய் தெரிவு செய்கிறேன். ஒரு நாளும் வாசித்ததில்லை.

"இஞ்சைதான் இருந்தவன்," என்றேன். "அங்கை பாருங்கோ, தகடு வைச்சிருக்கிறாங்கள்."

மனிதர் கண் கலங்கி, அந்தக் கண்ணோடேயே படம் எடுத்தார். படம் மங்கல். நான் தப்பினேன் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து மின்னஞ்சல் வந்தது. குழு ஒப்புக்கொண்டுவிட்டது. 'பாரிசின் லா ஷப்பலில் வாழ்ந்தவர்' என்ற வரியோடு புதிய பலகை வார்க்கப்போகிறார்கள். அங்கே நடக்கவிருந்த கல்யாணத்துக்கு முதல்நாள் திறப்பு விழா; திரையை விலக்குவது அடியேன். ஆதாரத்துக்கு, வெள்ளிக்கிழமைக்குள், தகட்டின் தெளிவான படம் ஒன்று மட்டும் வேண்டும்.

வியாழன் காலை சின்னராசா ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறினேன். கைக்குட்டையால் துடைத்தேன். பிரெஞ்சு எழுத்து பளிச்சென்று தெரிந்தது:

'எல்லா மாடிகளிலும் எரிவாயு.'

"என்னண்ணை பாக்கிறியள், காஸ் தகடுதானே? பழைய காலத்து வீட்டுக்காரற்றை விளம்பரம்," என்றார் சின்னராசா கீழேயிருந்து. "பாரிஸ் முழுக்கக் கிடக்கு. பக்கத்துக் கட்டடத்திலையும் கிடக்கு. உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாது," என்றேன்.

சார்செலில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் ஒரு யோசனை வந்தது: இன்னொரு மங்கல் படம் அனுப்பினால் என்ன? வீட்டில் வாய் திறந்ததும் மகள் எழுந்து நின்றாள்.

"பப்பா, நான் அந்த ஊரிலைதான் இருக்கப்போறன். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகேக்கை அந்தப் பலகையைத் தாண்டிப் போகோணும். உங்கட பொய்யை நான் சாகுமட்டும் வாசிக்கிறதோ?"

மனைவி போனை எடுத்து என் கையில் வைத்தாள்.

சம்பந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் காகிதங்கள் புரளும் சத்தம். மாப்பிள்ளை வீடு கைநழுவிப் போவதை நான் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர் கேட்டார்: "அப்ப, மகள் நல்லாச் சமைப்பா எண்டு சொன்னனீங்கள்?"

மகளைப் பார்த்தேன். தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"அதுக்கும் ஆதாரம் இல்லை," என்றேன்.

ஒரு சிரிப்பு கேட்டது, முதலில் சந்தேகமாக, பிறகு இருமலோடு. "அவவுக்குச் சமைக்கத் தெரியாதெண்டு மகன் ஏற்கெனவே சொல்லிப்போட்டான். நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு பாத்தனான். பலகைக்காரருக்கு நான் இப்பவே போன் பண்ணுறன். இன்னும் வார்க்கேல்லை, நல்ல காலம்."

கல்யாணம் நடந்தது. பலகையும் திறந்தார்கள், அந்த வரி இல்லாமல். திரையை யாரோ விலக்கினார்கள். நான் மழையில் குடை பிடித்தேன். விடைபெறும்போது சம்பந்தி ஒரு கனமான பொட்டலம் தந்தார். உள்ளே, வார்ப்பில் செய்து நீலம் பூசிய தகடு: 'எல்லா மாடிகளிலும் எரிவாயு.'

மனைவி அதை எங்கள் வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். எங்களுடைய பதினொரு மாடியிலும் இருப்பது மின்சார அடுப்பு. ஆக, என்னால் வரலாற்றில் இடம்பிடித்த ஒரே தகடும் பொய்தான் சொல்கிறது.

புதிதாக வருபவர்கள் வாசித்துவிட்டு, "உங்கட கட்டடத்திலை காஸ் இருக்கோ?" என்று கேட்பார்கள். நான் வாய் திறப்பேன். அதற்குள் குசினி அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும்:

"பொறுங்கோ, ஏணி எடுத்துவாறன்."