அப்பாவுக்கென்று ஒரு கோடு

கோட்டுக்குள் கையெழுத்து அடங்கவில்லை. எப்படி அடங்கும்? குடிநீர் அலுவலகக் கோப்புகளில் இருபது வருடம் கால்நீட்டிப் படுத்துப் பழகிய கையெழுத்து அது. தலைமை எழுத்தருக்கு அலுவலகம் வைத்திருந்த பெயரே ‘முத்திரை’.

விவாகரத்துக்குப் பிறகு அவருடைய பத்து வயது மகள் தாயோடு வெளிநாட்டில் இருந்தாள். பள்ளியின் நீச்சல் முகாமுக்கான அனுமதிப் படிவத்தைப் படம்பிடித்து அவளே அனுப்பியிருந்தாள்: ‘அப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டு அனுப்புங்க.’

முத்திரை அதை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டார்.

“பாத்தியாக்கா? அவ அம்மா கையெழுத்துப் போட்டாச்சு. இருந்தும் கீழ அப்பாவுக்குன்னு தனிக் கோடு! நான் இல்லாம அங்க ஒரு துரும்பும் அசையாது.”

“சரிடா, சீக்கிரம் அந்தத் துரும்பை அசை. இன்னிக்குத்தான் வெள்ளி,” என்றாள் அக்கா.

பிரிண்ட் எடுத்த முதல் பிரதியில் கையெழுத்து கோட்டைத் தாண்டிக் காகிதத்தின் ஓரம்வரை ஓடியது. இரண்டாவதில் சுருக்கிப் போட்டார். அது வேறு யாரோ போட்டதுபோல் இருந்தது. பள்ளியில் சந்தேகப்படுவார்களே என்று சான்றொப்பத்துக்கு மேலதிகாரியிடம் போனார்.

“நீர்தான் அப்பான்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?”

வீட்டுக்கு ஓடிப் பிறப்புச் சான்றிதழை எடுத்து வந்தார். அதற்குள் மேலதிகாரி கிளம்பிப் போயிருந்தார்.

மூன்றாவது பிரதியில் கையெழுத்து ஓரளவு அடங்கியது. ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? கையெழுத்துப் போட்ட வேகத்தில் மேஜைமேல் இருந்த ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்துக் குத்திவிட்டது. மகளின் பெயருக்கு நேரே, நீல மையில், பளிச்சென்று: ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது.’

முத்திரை கடிகாரத்தைப் பார்த்தார். அங்கே பள்ளி திறக்க அரை மணி நேரமே இருந்தது. மகள் மட்டும் கரையில் நிற்பாளா? அதுவும் அப்பனால்?

ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார்.

“கோட்டைக் கொஞ்சம் நீளமாக்கிப் பிரிண்ட் எடுத்துக் குடும்மா. என்ன ஸ்கூலோ! ஒரு கோடு நேராப் போடத் தெரியல. தகப்பன் உரிமைன்னா அவ்வளவு இளக்காரம்!”

கடைக்காரப் பெண் படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். குனிந்து பார்த்தாள். இன்னும் பெரிதாக்கினாள்.

“என்னம்மா, மறுபடியும் ஏதாவது குறையா?”

“அச்சுல ‘பெற்றோரில் ஒருவர்’னு மட்டுந்தான் சார் இருக்கு, அது அம்மா போட்டதோட முடிஞ்சுது, உங்க கோடு பாப்பா பென்சில்ல போட்டது, உங்க கையெழுத்துக்குப் பத்தாதுன்னு ரெண்டு தடவ நீட்டி வேற விட்டிருக்கு.”