குல்குரியின் மூச்சுக்குக் காவலிருந்தவர்

மூச்சுக் காவலர் என்றொரு இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஆனால் அடையாளம் தெரிந்திருக்காது. வெளியே இவர்கள் எல்லாரையும் போலத்தான். ரயிலுக்கு முண்டியடிப்பார்கள், மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், மேலதிகாரி பத்தாவது தடவையாகச் சொல்லும் நகைச்சுவைக்கு முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்பார்கள். வீட்டில் ஒரு கைக்குழந்தை கண்ணயர்ந்துவிட்டால் போதும், உள்ளேயிருக்கும் காவலர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். தூங்கும் குழந்தை சத்தம் போட்டால் ஏன் போடுகிறது என்று கவலை. போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று அதைவிடப் பெரிய கவலை. அப்படியானால் அந்தக் குழந்தை என்னதான் செய்ய வேண்டும்? அதை மட்டும் கேட்காதீர்கள். அவர்களுக்கே தெரியாது.

தென்கொரியாவின் சாங்வோன் நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழும் குவாக் தேசொப் இந்த இனத்தின் முதல் தரமான சரக்கு. தொழில் லிஃப்ட் பரிசோதனை. லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், எந்த மாடியில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று கம்பெனியில் பெயர். இப்படிக் காதால் சம்பாதிக்கும் மனிதருக்கு ஒரு பிள்ளை பிறந்தால் என்ன ஆகும்?

பிள்ளைக்குப் பதிவேட்டில் கம்பீரமான பெயர் ஒன்று இருக்கிறது. கூப்பிடுவது என்னவோ கருவில் இருக்கும்போது வைத்த செல்லப்பெயரைச் சொல்லித்தான். தேசொப்பின் மனைவி மிரான் உண்டானதும், அவளுடைய அப்பா ஒரு கனவு கண்டார். தகதகவென்று ஒரு கொழுத்த பன்றி, கதவைத் தட்டாமல் கூட உள்ளே வந்து, மகளின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டதாம். கனவில் பன்றி வந்தால் அதிர்ஷ்டம் என்பது யாருக்குத்தான் தெரியாது? இன்னொருவர் என்றால் விடிந்ததும் லாட்டரிக் கடைக்குப் போயிருப்பார். பெரியவர் பெருந்தன்மையாக அந்தப் பன்றியைப் பேரனுக்கே விட்டுக்கொடுத்தார். எங்கள் கொரியப் பன்றிகள் 'குல் குல்' என்றுதான் பேசும். எனவே வயிற்றில் இருந்தவன் குல்குரி ஆனான்.

குல்குரி பிறந்தான். பால் குடித்தான். தூங்கினான். தூக்கத்தில், மிகத் தெளிவாக, 'குல் குல்' என்றான்.

தேசொப்புக்கு அன்றைக்குப் பிடித்தது கவலை. பெயரைச் சொல்லிச் சொல்லி நாமே இதை வரவழைத்துவிட்டோமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. இனிமேல் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்று கூட மனைவியிடம் கேட்டுப் பார்த்தார். "மயில்னு வெச்சிருந்தா தோகை விரிச்சிருக்குமா?" என்று கேட்டுவிட்டு மிரான் கடல்பாசி சூப்பைக் குடிக்கப் போய்விட்டாள். பிள்ளை பெற்றவள் குடித்தே தீர வேண்டிய அந்தச் சூப்பு அதற்குள் அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. கணவனின் காது அதைவிட அலுத்துப்போயிருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, குல்குரியும் லேசுப்பட்டவன் இல்லை. பன்றிக் குரல் வெறும் ஆரம்பம்தான். எண்ணெய் காணாத கீல் போலக் கிறீச்சிடுவான். பொதுக் குளியலறையில் வெந்நீருக்குள் இறங்கும் கிழவரைப் போல 'ஊம்ம்' என்று முனகுவான். மூக்குக்குள் ஒரு சின்ன விசில். முகம் சிவக்க முக்கி, முதுகை வளைத்து, ஏதோ பாறையைப் புரட்டப் போகிறவன் போலத் திணறிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல உதட்டோரம் சிரிப்பான். பிறகு கடைசிப் பேருந்தைத் துரத்துகிறவன் போல விடுவிடுவென்று மூச்சு. பிறகு, திடீரென்று, ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமேயில்லை. பிறகு மறுபடியும் மூச்சு.

அந்த 'ஒன்றுமில்லை'யில்தான் தேசொப் குடியிருந்தார்.

காவலருக்கென்று சில சடங்குகள் உண்டு. கதகதப்பான தரையில் விரித்த மெத்தையில் குழந்தை கிடக்க, பக்கத்திலேயே குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டி, காதை அதன் மூக்கருகே கொண்டுபோக வேண்டும். காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இரைகிறது என்று அதை நிறுத்த வேண்டும். காற்று சுத்தமாக இல்லையே என்று மறுபடி போட வேண்டும். அதிலும் திருப்தி இல்லாவிட்டால் குழந்தையின் உள்ளங்காலை லேசாகச் சுரண்ட வேண்டும். குழந்தை வீறிட்டு அழும். காவலர் முகத்தில் அப்போதுதான் ஒரு நிம்மதி படரும். அழுகிறான், அதனால் இருக்கிறான். அவனை மறுபடி தூங்கவைக்க வேண்டியவளின் முகத்தில் என்ன படரும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு மத்தியானம் இதைவிட நுட்பமான முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். சாப்பாட்டு மேசையிலிருந்து வறுத்த கிம் ஒன்றைக் கிள்ளி, அந்தப் பாசித் தாளை விரல் நுனியில் பிடித்துக் குழந்தையின் மூக்குக்கு எதிரே நீட்டினார். தாள் ஆடினால் மூச்சு இருக்கிறது. அருமையாக ஆடியது. ஆடிய வேகத்தில் ஒரு துணுக்கு குல்குரியின் மேலுதட்டில் விழுந்து மீசையாக ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மிரான் உள்ளே வந்தாள்.

"குல்குரி அப்பா, பல்லு முளைக்கட்டும். அப்புறம் சோறும் சேர்த்துச் சுருட்டிக் குடுக்கலாம்."

தேசொப்பின் அக்கா தேஹி மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். நூறாம் நாள் வந்தால் எல்லாம் தானாக அடங்கும், ஊரே சொல்லும் அதிசயம் அது, போய்ப் படுத்துத் தூங்கு என்று தொலைபேசியில் திட்டினாள். தம்பி கேட்கவில்லை. குழந்தைகள் மருத்துவரிடம் ஏற்கெனவே ஒருமுறை தூக்கிக்கொண்டு போயிருந்தார். அங்கே குல்குரி சமர்த்தாக, ஓசையில்லாமல், மருத்துவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இது தேசொப்புக்குப் புதிதா? பரிசோதகர் வரும்வரை கடகடவென்று ஆடிய லிஃப்ட், அவர் ஏறியதும் பட்டுப்போல ஓடும். வாடிக்கையாளர்கள் சத்தியம் பண்ணுவார்கள். அவர் நம்பமாட்டார். இப்போது அவரே வாடிக்கையாளர்.

ஆகவே சனிக்கிழமை காலைத் தூக்கத்தின்போது, கைப்பேசியைப் போர்வை மடிப்பில் சாய்த்துவைத்து, படம் பிடிக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு, பக்கத்தில் தானும் படுத்துக் காவலிருந்தார். பிறகு சமையலறைக்கு வந்து, திரையைப் பார்க்காமல், தன் தொழில் வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு பதிவைக் கேட்டார்.

முனகல், விசில், குல் குல். அதற்கடியில் 'உஸ், உஸ்' என்று சீராக ஒரு மூச்சு. பிறகு அது நின்றது. நின்றது நின்றதுதான். சுவரிலிருந்த கடிகாரம் நகர்ந்துகொண்டே இருந்தது. பிறகு, தண்ணீருக்கடியிலிருந்து தலையைத் தூக்குகிற ஆளைப் போல, 'ஹா' என்று ஒரு பெரிய இழுப்பு.

தேசொப் கைப்பேசியை மிரானின் காதில் வைத்தார். கிண்டல் செய்யத் தயாராகத்தான் அவள் கேட்க ஆரம்பித்தாள். மறுபடி ஒருமுறை கேட்டாள். அடுப்பை அணைத்தாள். குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் துணியை எடுத்து மாட்டிக்கொண்டாள். இதுவரை தான் சிரித்ததையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்ள வழி உண்டா என்று தேடுவதுபோல இருந்தது முகம். மருத்துவமனை மத்தியானம் மூடிவிடும். லிஃப்ட் மேலே வரும்வரை பொறுக்காமல் லிஃப்ட் பரிசோதகர் படியில் இறங்கினார்.

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி, அவசரப்படத் தெரியாதவர். குல்குரியின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், உதட்டின் நிறம் பார்த்தார், பால் எப்படிக் குடிக்கிறான் என்று விசாரித்தார். பிறகு கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். படத்தில் போர்வையின் ஓரமும் குழந்தையின் வயிறும் மட்டும்தான் விழுந்திருந்தன. மூச்சு நிற்கும் இடம் வந்தது. தேசொப் கண்ணை மூடிக்கொண்டார்.

"குழந்தை அப்பா, கண்ணத் திறங்க. கேக்காதீங்க, பாருங்க."

பார்த்தார். அந்தப் பயங்கரமான நிசப்தம் முழுவதும், குல்குரியின் வயிறு அமைதியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 'ஹா' வந்தபோதும் அது தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது.

"இவ்வளவு பெரிய மூச்சு இழுக்க இந்த நெஞ்சுல ஏது இடம்?" என்றார் மருத்துவர். "பக்கத்துல யார் படுத்திருந்தது?"

தேசொப்பின் காது இரண்டும் மிளகாய் விழுதுபோலச் சிவந்தன. மிரான்தான் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அவன் மூச்சு நிக்குதான்னு கேக்கறதுக்கு, நீங்க உங்க மூச்சை நிறுத்தியிருக்கீங்க."

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். இந்த வயதில் மூச்சு விடுவிடுவென்று ஓடும், சில நொடி நிற்கும், மறுபடி ஓடும். மூக்கு சின்னது என்பதால் எல்லாச் சத்தமும் வரும். ஆனால் உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே குழிந்தாலோ, மூச்சு நிஜமாகவே நீண்ட நேரம் நின்றாலோ, பால் குடிக்கத் திணறினாலோ, படமெல்லாம் பிடித்துக்கொண்டிருக்காமல் உடனே வர வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்: "மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து எழுதறேன். சீட்டுல அப்பா பேரையே போட்டுடவா?"

வீட்டுக்கு வந்ததும் தேசொப், பல நாள் தூக்கம் மொத்தமாகச் சேர்ந்து அழுத்த, குழந்தைக்குப் பக்கத்தில் தனியாக விரித்த பாயில் விழுந்தார். சற்று நேரத்தில் அறையிலிருந்து இரண்டு 'குல் குல்' கேட்டது; ஒன்று சின்னது, ஒன்று பெரியது. கனவில் வந்த பன்றி எந்தப் பக்கத்துச் சொத்து என்பது மிரானுக்கு இப்போதுதான் விளங்கியது. தேஹிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கத்துச் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. பிறகு மிரான் ஒரு கிண்ணம் சூப்பைச் சுடவைத்துக்கொண்டு, நெடுநாளைக்குப் பிறகு நிதானமாக உட்கார்ந்தாள். இரண்டு வாய் குடித்திருப்பாள்.

பெரிய குறட்டை நின்றது.

கரண்டி வழியிலேயே நின்றது. மிரான் கழுத்தை நீட்டினாள். காற்று இயந்திரம் இரைவது அவளுக்கு அன்றுதான் முதல்முறையாகத் தொந்தரவாக இருந்தது. எழுந்துபோய் அதை நிறுத்தினாள். தேசொப் புரண்டு படுத்து மீண்டும் குறட்டையைத் தொடங்கியபோதுதான், இவ்வளவு நேரமும் தான் மூச்சு விடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் இப்போது யாரோ தூங்கிக்கொண்டிருக்கலாம். தொட்டிலில் ஒரு பிள்ளையோ, நாற்காலியில் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்ட அப்பாவோ. தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் போய், அந்தத் தாள் ஏறி இறங்குகிறதா என்று ஒரு நொடி நின்று பார்த்தது யார்? பரவாயில்லை, நான் யாரிடமும் சொல்லமாட்டேன். அவர்கள் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்கள்தான் நிறுத்திவைத்திருக்கிறீர்கள். விடுங்கள்.