மாட்டு டாக்டருக்கு ஒரு வண்டி

"துப்புரவு வேலைக்கு வர்றவங்க பின்வாசல் வழியா வரணும்மா. இப்பத்தான் தரை துடைச்சிருக்கு."

கார் ஷோரூம் விற்பனையாளர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல், சர்வ சாதாரணமாகச் சொன்னார். அதுதான் மாட்டு டாக்டருக்கு அதிகமாக உறைத்தது.

அன்று காலை ஒரு பண்ணையில், தாயின் வயிற்றுக்குள் தலை திரும்பிக் கிடந்த கன்றை வெளியே எடுத்துவிட்டு நேராக அங்கே வந்திருந்தாள். ரப்பர் பூட்ஸில் சேறு. சட்டையிலும் இருந்தது, ஆனால் அது சேறு இல்லை. இந்தக் கோலத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும் என்பதை அவளே ஒப்புக்கொள்வாள். ஆனால் அவளுக்குப் பின்னாலேயே, முழங்கால்வரை மண்ணோடு, செக்கச்செவேல் என்று ஒரு ஆள் உள்ளே வந்தான். அவனுக்கு அதே விற்பனையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தோட்டமெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். டாக்டர் தன் கறுத்த கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வண்டி இல்லாமல் அவளால் முடியாது. பழைய வேன் போன மாதம் நடுரோட்டில், பின்னால் ஒரு ஆட்டோடு, உயிரை விட்டது. அவளும் ஆடும் பஸ்ஸில் வந்தார்கள். கண்டக்டர் ஆட்டுக்கும் டிக்கெட் கேட்டார். அதற்கப்புறம் எங்கே கூப்பிட்டாலும் தாமதம்தான். போன வாரம் ஒரு கன்று அவளுக்காகக் காத்திராமல் தானே பிறந்து, எழுந்து நின்று, வாசலில் அவளை வரவேற்றது. எல்லாக் கன்றுக்கும் அந்தச் சாமர்த்தியம் இருக்காது.

அவள் கணவர் கணக்கு வாத்தியார். ஆறடி உயரம், சுண்டினால் ரத்தம் வரும் நிறம். கார்களில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று வகை உண்டு என்பது அவர் கட்சி. நடந்ததைக் கேட்டுக் கொதித்துப்போனவர், மேலிடத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தார்.

"புகார் எழுதினா ஆடு ஏறுமா?" என்றாள் டாக்டர். "நீங்க என்கூட வாங்க. பேச வேண்டாம், சும்மா நில்லுங்க. மத்ததை உங்க கலரு பாத்துக்கும்."

பார்த்துக்கொண்டது. மறுநாள் வாத்தியாரின் தலை தெரிந்ததுமே விற்பனையாளர் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு ஓடி வந்தார். வண்டியின் அடிப்பாகம் மேட்டில் இடிக்குமா என்று டாக்டர் கேட்டாள். இடிக்கவே இடிக்காது என்று வாத்தியாரிடம் சொன்னார். பின்சீட்டு மடங்குமா என்று கேட்டாள். அழகாக மடங்கும் என்று வாத்தியாரிடம் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியாது, அவளிடம் சொல்லுங்கள் என்று வாத்தியார் மன்றாடினார். வீட்டில் கேட்காமல் எதுவும் செய்யாத நல்ல மனுஷன் என்று அதற்கும் பாராட்டு கிடைத்தது.

வாத்தியாரை 'சார்' என்று பள்ளிக்கூடமே கூப்பிடுகிறது. ஆனால் இப்படிக் குழைந்து யாரும் கூப்பிட்டதில்லை. போகப் போக அவருக்கும் அது பிடித்துவிட்டது. தரையோடு தரையாகப் படுத்திருந்த ஒரு சிவப்பு வண்டிக்குள் போய் உட்கார்ந்தார். வெண்ணெய் நிறத் தோல் சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கூரை திறக்குமாம்" என்றார் மனைவியிடம்.

"எதுக்கு, ஆடு எட்டிக் குதிக்கவா?"

இறங்கத்தான் முடியவில்லை. ஒரு கையை விற்பனையாளரும் மறு கையை டாக்டருமாகப் பிடித்து இழுத்து அவரை வெளியே எடுத்தார்கள். முந்தின நாள் எடுத்த கன்றே தேவலை என்று டாக்டருக்குத் தோன்றியது.

வீட்டுக்குப் போனதும் வாத்தியார் மன்னிப்புக் கேட்டார். டாக்டர் யோசித்தாள். ஒருவேளை உடைதான் காரணமோ என்னவோ. அப்படியானால் எல்லாவற்றையும் தலைகீழாக்கிப் பார்த்துவிடலாம். அவள் குதிகால் செருப்பு, கறுப்புக் கண்ணாடி, கூட வேலை செய்பவளிடம் இரவல் வாங்கிய தோல் பை. அவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது போடும் சட்டை, தேய்ந்த ரப்பர் செருப்பு, சவரம் செய்யாத முகம். பார்க்கவே பரிதாபமாக இருந்தார். டாக்டருக்குத் திருப்தியாக இருந்தது.

இந்த முறை விற்பனையாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்து ஒரு கணம் தடுமாறினார். டாக்டரின் முகத்தை அவர் இதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை, அடையாளம் தெரியவில்லை. வாத்தியாரைத் தெரிந்தது. சட்டென்று முகம் மலர்ந்தது. மேனேஜரைத் தூண் பக்கம் தள்ளிக்கொண்டு போய், அவர் ரகசியமாகச் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

"நிஜப் பணக்காரங்க இப்படித்தான் சார் வருவாங்க. அந்தச் செருப்பைப் பாருங்க. செக்ரட்டரியே என்ன டிரஸ்ல வந்திருக்கான்னு பாருங்க."

மேனேஜரே நேரில் வந்து வாத்தியாரின் கையைப் பற்றிக் குலுக்கினார். வண்டியை ஓட்டிப் பார்க்கச் சாருக்கு எந்த நேரம் வசதிப்படும் என்று கொஞ்சம் குறித்துக்கொள்ளும்படி டாக்டரைக் கேட்டுக்கொண்டார்.

வாத்தியாருக்குப் பொறுமை போய்விட்டது. வகுப்பில் கடைசி பெஞ்சை எட்டும் குரலில் சொன்னார்: "இவங்க என் மனைவி. வண்டி இவங்களுக்கு. பணம் இவங்க சம்பாதிச்சது. நான் சும்மா துணைக்கு வந்திருக்கேன்."

மேனேஜர் நெஞ்சில் கைவைத்தார்.

"எவ்வளவு பெரிய மனசு சார் உங்களுக்கு."

டாக்டர் கணவரின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. போதாக்குறைக்கு நடைபாதைச் சாக்கடை மூடியில் செருப்பின் குதிகால் மாட்டி முறிந்தது. அவள் ஒற்றைக் காலில் நிற்க, அவர் குனிந்து குதிகாலைத் தேட, இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. எவ்வளவு பெரிய மனசு என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு நிமிர்ந்தபோதுதான் எதிர்ச்சாரியில் இன்னொரு ஷோரூம் கண்ணில் பட்டது.

"நான் வாயைத் திறந்தாலும் தப்பு, மூடினாலும் தப்பு" என்றார் வாத்தியார். "அங்க நான் வாசலைத் தாண்ட மாட்டேன். உன்னைத் தெரிஞ்ச மாதிரிகூடக் காட்டிக்க மாட்டேன்."

குடை ஒன்றுதான் இருந்தது. அதை அவள் தலைக்கு மேல் பிடித்து, அவள் பையைத் தன் தோளில் மாட்டி, முறிந்த குதிகாலைக் கையில் வைத்துக்கொண்டு, தான் தெப்பமாக நனைந்தபடி அவளைத் தெருவைக் கடக்க வைத்தார். கதவைத் திறந்துவிட்டு, சொன்னபடியே வெளியே நின்றுகொண்டார்.

அந்த ஷோரூமில் விற்பனையைக் கவனித்தது ஒரு இளம்பெண். டாக்டரைவிடவும் கறுப்பு. நேராக டாக்டரிடம் வந்து, முகத்தைப் பார்த்து, எந்த வேலைக்கு வண்டி வேண்டும் என்று கேட்டாள். டாக்டருக்குக் கண் கலங்கிவிடும் போலிருந்தது. ஆட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் தரையில் மண்டியிட்டு, வண்டிக்கடியில் சாண் வைத்து உயரம் காட்டினாள். பின்சீட்டை மடக்கி, கன்றுக்குட்டி இப்படிப் படுக்கலாம் என்று தானே சுருண்டு படுத்துக் காட்டினாள். பிறகு இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கக் காலி மனைக்குப் போய், அங்கிருந்த பள்ளம் ஒன்றைக்கூட விடாமல் ஏறி இறங்கினார்கள். டாக்டர் சின்னப் பெண்ணைப் போலக் கூவினாள்.

திரும்பி வரும்போது அந்தப் பெண் தன் கதையைச் சொன்னாள். வருகிறவர்கள் எல்லாம் அவளிடமே வந்து, விற்கிற ஆள் எங்கே என்று கேட்பார்களாம். நாற்காலியைத் துடைக்கச் சொன்னவர்களும் உண்டாம்.

"ஆளைப் பாத்து எடை போடாத ஒருத்தரை இன்னிக்குத்தான்மா பாக்கறேன்" என்றாள் டாக்டர்.

"எனக்கே நடந்திருக்கே மேடம். அதை நான் இன்னொருத்தருக்குப் பண்ணுவேனா?"

டாக்டர் இந்த வண்டிதான் என்று முடிவு செய்துவிட்டாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே குடையும் பையுமாக நின்ற வாத்தியார், என்ன ஆயிற்று என்று புருவத்தை உயர்த்தினார். அவள் தலையசைத்தாள். அவர் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். அந்தப் பெண்ணும் அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள்.

"அடுத்த வாரம் வண்டி ரெடியாயிடும். நீங்க அலைய வேண்டாம் மேடம், உங்க டிரைவரை அனுப்பினாப் போதும். பாவம், ரொம்ப விசுவாசமான மனுஷனாத் தெரியறாரு."