கிறிஸ்தோப்பர் காரின் ஏசித் திருப்பணி

ஒரு சமூகம் நாகரிகத்தின் உச்சியை எட்டிவிட்டதா என்று அறியப் பல்கலைக்கழகங்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. அதன் ஆண்கள் பழுதான ஒரு கார் ஏசியை எப்படி அணுகுகிறார்கள் என்று பார்த்தால் போதும். அந்த வகையில் மொன்றியல் வாழ் தமிழ்ச் சமூகம், சென்ற யூலை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் உச்சியை எட்டியது. எங்கள் கோயிலின் சூசையப்பர் ஆண்கள் சபையின் செயலாளர் என்ற முறையில் நானும் அங்கே இருந்தேன். கூட்டக் குறிப்பு எழுதியதும் நான்தான்.

பின்னணி இதுதான். எங்கள் உறுப்பினர் கிறிஸ்தோப்பரின் காரில் ஏசி நின்றுவிட்டது. வெளியே முப்பத்துநாலு பாகை. ஈரப்பதத்தோடு சேர்த்தால் உடம்புக்கு நாற்பத்திரண்டு என்று வானொலி பயமுறுத்தியது. அவருடைய தாயார் அல்போன்சம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி பிற்பகல் இரண்டு மணிக்கு டயலிசிஸ். வியாழக்கிழமை அந்தக் காருக்குள் அவர் வெக்கையில் மயங்கிச் சரிந்துவிட்டார். அன்றைய டயலிசிஸையும் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இனிமேல் வெக்கையில் கொண்டுவரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கிறிஸ்தோப்பரின் மனைவி அக்னெஸ் உடனே ஒரு கராஜுக்குத் தொலைபேசி எடுத்து, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நேரம் வாங்கிவிட்டார். இப்படிப்பட்ட அவசரப் புத்தியால்தான் நல்ல குடும்பங்கள் கெடுகின்றன. கிறிஸ்தோப்பர் அதை ரத்துச் செய்தார்.

காசுக்காக என்று நினைப்பவர்களுக்கு எங்களைத் தெரியாது. கிறிஸ்தோப்பர் இந்த நகரத்துக்கு வந்து இருபத்தெட்டு வருடங்கள். ஊர்ப்பேச்சான பிரெஞ்சு மொழி மீது அவருக்கு அளவற்ற மரியாதை. ஆகவே அதைத் தொடுவதில்லை. கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்யும் அக்னெஸுக்கோ அது தண்ணீர் பட்ட பாடு. கராஜுக்குப் போனால் மெக்கானிக் அக்னெஸோடு கதைப்பான், கிறிஸ்தோப்பர் பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும். ஒரு குடும்பத் தலைவர் வெக்கையைத் தாங்கலாம். இதைத் தாங்க முடியுமா? "வீட்டிலேயே திருத்துவம்" என்று சபையின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். பதினொரு நிமிடத்தில் நாற்பது கட்டைவிரல்கள் உயர்ந்தன.

நேரில் வந்தவர்கள் எட்டுப் பேர். எங்கள் பண்பாட்டின் மேன்மை இங்கேதான் வெளிப்பட்டது. துன்பப்படும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, ஆளுக்கொரு ஏசி காஸ் ரின், அதாவது குளிர்வாயு அடைத்த தகரக் குப்பி, வாங்கி வந்திருந்தோம். எட்டு ரின்களும் வாசலில் வரிசையாக நின்றன. கலியாண வீட்டில் அன்பளிப்பு எழுதுவதுபோல், எது யார் தந்தது என்று கொப்பியில் பதிந்தேன்.

ஆரம்ப செபம், தலைவர் கிறகரியின் தலைமையுரை, சென்ற கூட்டக் குறிப்பு வாசித்தல், அக்னெஸ் பொரித்த றோல்ஸ் என்று எல்லாம் முறைப்படி நடந்தன. பன்னிரண்டரைக்குத் "தொழில்நுட்ப ஆலோசகர்" தெரிவு. றெனோல்ட் ஏகமனதாகத் தெரிவானார். துறைமுகத்திலிருந்து குளிரூட்டிய கொள்கலன்களை லொறியில் இழுப்பவர். குளிர் இருபது வருடமாக அவருக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. இதைவிட என்ன தகுதி வேண்டும்?

"தலைவரின்ர ரின்தான் முதல்," என்று அறிவித்து, றெனோல்ட் கிறகரியின் ரின்னைக் குழாயில் மாட்டித் திறந்தார். எஞ்சின் ஓடியது. ஐந்து நிமிடத்தில், சாரதி ஆசனத்திலிருந்த கிறிஸ்தோப்பர் கத்தினார்.

"குளிருது! அண்ணை, குளிருது!"

அக்னெஸ் ஓடிவந்து, காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். மூன்று நாளாக அந்த முகத்தில் காணாத சிரிப்பு வந்தது.

"யேசுவே, நல்ல குளிர்! காணும் அண்ணை, இனி மூடுங்கோ. நான் மாமியை வெளிக்கிடுத்திக் கூட்டிக்கொண்டு வாறன்."

பெண்களுக்குப் பெரிய விடயங்கள் விளங்குவதில்லை.

"மூடுறதோ?" றெனோல்ட் திடுக்கிட்டுப்போனார். "பிள்ளை, இன்னும் ஏழு ரின் கிடக்கு."

"கார் குளிருதுதானே?"

"கார் குளிரும். கொண்டுவந்த ஆக்களின்ர மனம் நோகாதோ?"

கிறகரியும் விடவில்லை. "என்ர ரின்னை மட்டும் அடிச்சுப்போட்டு மற்றவையின்ரையைத் திருப்பிக் குடுத்தால், நாளைக்குக் கோயில்ல நான் என்னண்டு அவையின்ர முகத்தில முழிக்கிறது?"

"நீ உள்ளுக்குப் போ, அக்னெஸ்," என்றார் கிறிஸ்தோப்பர். "இது சபை விசயம்."

இரண்டாவது ரின் உபதலைவருடையது. மூன்றாவது பொருளாளருடையது. நான்காவது என்னுடையது. அது உள்ளே போனபோது காரின் வயிற்றுக்குள் ஒரு முனகல் கேட்டது. "நன்றியுணர்வு" என்று குறித்துக்கொண்டேன். ஐந்தாவதில் பெல்ட் கிறீச்சிட்டது. "ஒண்டுமில்லை, உது செமிக்கிற சத்தம்," என்றார் ஆலோசகர். ஆறாவதில் டொம் என்றொரு வெடி, வெள்ளைப் புகை. பெல்ட் அறுந்து தொங்கியது. காலையில் ஏசி இல்லாமல் ஓடிய கார், இப்போது ஓடவே ஓடாது.

சபை ஒரு கணம் அதிர்ந்தது. காருக்காக அல்ல. ஏழாம், எட்டாம் ரின்காரர்கள் இருவரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வேண்டுமென்றே தங்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டதாகக் குற்றச்சாட்டு. இதை விசாரிக்க மூவர் கொண்ட உபகுழு அமைக்கப்பட்டது.

அப்போது அல்போன்சம்மா வெளியே வந்தார். வீங்கிய கால்களில் செருப்பு பாதிதான் ஏறியிருந்தது. டயலிசிஸில் போர்த்துக்கொள்ளும் போர்வையைக் கையில் மடித்து வைத்திருந்தார்.

"தம்பி, கார் சரியோ?"

"கூட்டம் இன்னும் முடியேல்லை, அம்மா. கொஞ்சம் பொறுங்கோ," என்றார் கிறிஸ்தோப்பர்.

"வியாழக்கிழமையும் அரைவாசியில விட்டவை, மோனை. இண்டைக்கும் போகாட்டி எனக்கு மூச்சு முட்டும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் கூட்டக் குறிப்பில் வெட்கத்துக்கென்று ஒரு தலைப்பு இல்லை.

அக்னெஸ்தான் வாடகை ரக்சிக்குத் தொலைபேசி எடுத்தார். அது தெரு முனையிலேயே நின்றுவிட்டது. வாசல் வரை வர இடமில்லை. அந்த வெயிலில் மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி, ஒவ்வோர் அடியாக அவர் நடத்திக்கொண்டு போனார். இரண்டு தடவை கிழவி நின்று மூச்சு வாங்கினார். ரக்சிக்காரர் ஒரு ஹெயிட்டி நாட்டவர். இறங்கி ஓடிவந்து, மறுபக்கக் கையைப் பிடித்தார். அல்போன்சம்மாவை ஆசனத்தில் இருத்தியதும், தெருவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அக்னெஸிடம் ஏதோ கேட்டார்.

பிரெஞ்சில் கேட்டபடியால் அது எங்களைச் சாராது என்று நிம்மதியாக நின்றோம். அக்னெஸ் எங்கள் பக்கம் திரும்பினார். தெரு முழுக்கக் கேட்கும்படி, சுத்தத் தமிழில் சொன்னார்.

"இந்தத் தெருவை அடைச்சுக்கொண்டு நிக்கிற எட்டுக் காரும் பழுதோ எண்டு கேக்கிறார். என்ன சொல்ல?"

கேள்வியைக் குறிப்பில் எழுதினேன். பதிலை எழுதவில்லை. எட்டும் ஓடும். எட்டிலும் ஏசி வேலை செய்யும். வாசலை மறித்து நின்றது என்னுடையது. கூட்டம் முடியப்போகிறதே, ஏறும்போது குளிர்ந்திருக்கட்டும் என்று, பத்து நிமிடத்துக்கு முன்புதான் சாவியிலிருந்த பொத்தானை அழுத்தி, நின்ற இடத்திலிருந்தே அதன் எஞ்சினையும் ஏசியையும் ஓட விட்டிருந்தேன்.