கொத்தண்ணனும் கிட்னி மேல உக்காந்த கங்காணியும்

கண்டியில பிரஷரப் பத்தி என்னவிட வெளங்குன ஆளு கெடையாது. சும்மா சொன்னேன். என் பேர எழுதச் சொன்னாலே எனக்குப் பிரஷர் ஏறும். இந்தக் கிளினிக் கதிரையில உக்காந்து நான் அவுத்து விடுறதெல்லாம், வாட்டுல பக்கத்துக் கட்டில்ல கெடந்த கொத்தண்ணே சொன்னதுதான்.

கெடந்தாருன்னா தப்பு. உக்காந்திருந்தாரு. படுத்தா மூச்சு முட்டும். தெல்தெனியில கொத்து ரொட்டி போடுற மனுஷன், காலு ரெண்டும் பெசஞ்சு வச்ச மாவு மாதிரி ஊதியிருக்கும். அமுக்குனா குழி விழும். "நீட்டி நிமுந்து ஒரு தூக்கம்டா, அது போதும்"பாரு.

தன் ஒடம்புக்குள்ள இருக்கிறவனோடயே தகராறு பண்ணுன ஒரே மனுஷன் அவருதான். டாக்டர் வெளங்கப்படுத்துனாரு: "பிரஷரால இதயம் களைச்சுப்போச்சு. கிட்னி மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. ரத்தம் கொறஞ்சிருச்சுன்னு தப்பா நெனச்சு ஓமோன்னு ஒரு சுரப்ப அனுப்புது. உப்பையும் தண்ணியையும் வெளிய விடாதன்னு உத்தரவு."

"தொப்பி போட்டுக்கிட்டு உத்தரவா? அப்ப அவன் தோட்டத்துக் கங்காணிதான்!"

அன்னையிலருந்து வகுத்தப் பாத்து ஏச்சுதான். "டேய் கங்காணி! ஒடம்பு பூரா தண்ணி நிக்கிது, கண்ணு தெரியலயா?" தண்ணிய வெளியேத்துற குளிசைய வாயில போடுறப்ப, "இந்தா வாராரு ஒனக்கு மேல தொரை!"

எங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு போத்தல் தண்ணிதான். என்னோடத நான் காலையிலயே முடிச்சிருவேன். அவரோடதுல ஒரு மொடக்கு குடுப்பாரு. "என் கங்காணி பதுக்கிருவான். நீ குடி." மறுநாள் நிறுவையில ஏறி, எடை கூடிருச்சுன்னு நர்ஸ் மிஸ்கிட்ட ஏச்சு வாங்குறது நானு.

மூத்திரப் போத்தல் நெறஞ்சா, கடையில ரொட்டி கொத்துற மாதிரி ரெண்டு கரண்டியால கட்டில் கம்பியில கொத்து அடிப்பாரு. வாட்டே கத்தும், "கோழியா, முட்டையா?"

பொறகு கரண்டிச் சத்தம் கொறஞ்சுச்சு. போத்தல் நெறயல. ஏச்சும் மாறிருச்சு. "கங்காணி ஐயா, கொஞ்சம் மனசு வைங்க." அதக் கேட்டுத்தான் நான் பயந்தேன்.

ஒரு காலையில முழிச்சுப் பாத்தா, மனுஷன் தலகாணியே இல்லாம நீட்டி நிமுந்து படுத்திருக்காரு. ஜெயிச்சுட்டாருன்னு கரண்டிய எடுத்துக் கம்பியில அடிச்சேன். "அண்ணே, கோழியா, முட்டையா?"

மிஸ் ஓடியாந்து கையப் புடிச்சாங்க. "அடிக்காதீங்க. அவரு போயிட்டாரு." நான் அப்பயும் கரண்டிய...

இருங்க, என்னையக் கூப்புடுறாங்க. நிறுவையில ஏறணும். என் கங்காணியையும் ரெண்டு ஏச்சு ஏசிட்டுத்தான் ஏறுவேன். ஆனா அவரு ஏசுற மாதிரி வர மாட்டேங்குது.