பறக்கும்படையாரின் நோட்டீஸ்

மாடி வீட்டுக் கதவின் முன்னால் மண்டி போட்டு, கதவிடுக்கில் ஒரு பழுப்புக் கவரை அடி ஸ்கேலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார் பறக்கும்படையார். கீழ்ப்படியில் அவர் மனைவி காவல் இருந்தாள். காவல் என்பது அவர் சொன்ன வேலை; அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"போயிடுச்சா?"

"உஸ், சத்தம் போடாத. உள்ள ஆள் இருக்கான்."

"குடியிருக்கறவர் வீட்ல இல்லாம எங்க இருப்பார்? கதவைத் தட்டிக் கையில குடுங்களேன்."

கையில் கொடுப்பதாம். முப்பத்திரண்டு வருஷம் பரீட்சை ஹால்களில் பெஞ்சு பெஞ்சாகச் சுற்றி, காலரிலும் காலுறையிலும் பிட்டு பிடித்த மனுஷர். ஓய்வு பெற்ற பிறகும் தெரு அவரைப் பறக்கும்படை என்றுதான் கூப்பிட்டது. தன் கல்யாணப் பத்திரிகையையே திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தவர்.

விஷயம் இதுதான். மகளுக்கு வேலை மாற்றலாகி, அடுத்த மாதம் முடிந்த மறுநாள் இந்த ஊருக்கே வருகிறாள், நாலு வயசுப் பேத்தியோடு. "மாடி காலியா இருந்தா அங்க வரேன்ப்பா. இல்லேன்னா நாத்தனார் வீட்டுக்குப் போயிடுவேன், பாப்பாவை அந்தப் பக்கத்து ஸ்கூல்லயே சேத்துடுவேன். அப்புறம் வருஷம் முடியாம எடுக்க முடியாது," என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பேத்தியைப் போனில் பார்த்துப் பார்த்து அவருக்கு ஏக்கமாகிவிட்டது. மடியில் வேண்டும்.

மாடியில் இருப்பவர் லிஃப்ட் மெக்கானிக். மாதத்துக்கு மாதம் என்று வாய்ப்பேச்சில் குடிவந்தவர், ஒப்பந்தம் கிடையாது. "அதனாலதான் நோட்டீஸ் சுத்தமா இருக்கணும்," என்றார் எதிர்வீட்டு வக்கீல் குமாஸ்தா. "எழுத்துல இருக்கணும். காலி பண்ற தேதி இருக்கணும். முழுசா ஒரு மாசம் குடுக்கணும், அதுவும் ஒண்ணாம் தேதி பொறக்கறதுக்கு முன்னாடி போய்ச் சேரணும். ஒருநாள் பிந்தினாலும் இன்னொரு மாசம் அவருக்குப் போயிடும். ரெண்டு பிரதி போட்டு, ஒண்ணுல கையெழுத்து வாங்கிடுங்க. இல்லேன்னா 'எனக்கு வரவேயில்ல'ம்பார்."

பறக்கும்படையார் கேள்வித்தாள் தயாரிப்பது மாதிரி உட்கார்ந்து எழுதினார். தலைப்பு, தேதி, பத்தி எண், கடைசியில் 'ஒரு பிரதியில் கையொப்பமிட்டு ஒப்படைக்கவும்'. அப்போது தேதி இருபத்தாறு. நாலு நாள் கையில் இருந்தது. அந்த இரண்டு பிரதிகளைத்தான் அன்றே கவரில் போட்டு, அடி ஸ்கேலால் மாடிக் கதவிடுக்கில் தள்ளினார்.

மறுநாள் காலை படியில் லிஃப்ட்காரர் எதிரே வந்தார். கையில் ஒரு கவர். நன்றாக ஒட்டியிருந்தது.

"சார், நல்லவேளை பாத்தேன். இதைக் கொஞ்சம்..."

பறக்கும்படையார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்னது?"

"அந்த விஷயமாத்தான் சார். பிரிச்சுப் பாருங்க."

"நான் டேங்க்ல தண்ணி பாக்கப் போறேன்," என்று அவர் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார். லிஃப்ட்காரர் வேலைக்குப் போகிறவரை வெயிலில் டேங்கோடு டேங்காக உட்கார்ந்திருந்தார்.

"வாங்கலயே?" என்று கேட்டார் குமாஸ்தா.

"தொடக்கூட இல்ல."

"பிழைச்சீங்க. இப்படித்தான் ஒருத்தர் குடியிருக்கறவர் நீட்டின கவரை வாங்கினார். உள்ள பாத்தா வழக்கு. பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார், கால்ல ஆணி வந்ததுதான் மிச்சம்."

"எனக்குத் தெரியாதா? நேர்மையானவன் என் கண் முன்னாடி கையெழுத்துப் போடுவான். கவரை ஒட்டிட்டு வர்றவன் உள்ள பிட்டு வச்சிருக்கான்."

அன்று சாயங்காலம் அந்தக் கவர் அவர் வீட்டுக் கதவிடுக்கில் கிடந்தது.

"ஏங்க, என்னன்னுதான் பாத்துடலாமே," என்றாள் மனைவி.

"பிரிச்சா வாங்கினதா அர்த்தம். கை வைக்காத."

அடி ஸ்கேலால் அதை ஒரு முறத்தில் தள்ளி, மாடிக்குக் கொண்டுபோய், திரும்ப உள்ளே தள்ளினார். விடிந்தால் கவர் மறுபடி கீழே. இரண்டே நாளில் அது லிஃப்ட்டை விட அதிகமாக ஏறி இறங்கியது.

முப்பதாம் தேதி தபால்காரர் வந்தார். பதிவுத் தபால். "அனுப்பினவர் விலாசம், வாங்கறவர் விலாசம் ரெண்டும் ஒரே கதவிலக்கம். என் சர்வீஸ்லயே இப்பதான் பாக்கறேன். மாடியிலேர்ந்து உங்களுக்கு."

"வாங்க மறுக்கறேன்னு எழுதிக்குங்க," என்றார் பறக்கும்படையார், நெஞ்சை நிமிர்த்தி.

அன்றைக்குள் எப்படியாவது எதிரில் நிறுத்திக் கையெழுத்து வாங்கிவிடுவது என்று படியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எங்கேயோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய்விட்டது என்று லிஃப்ட்காரர் வீட்டுக்கே வரவில்லை. "வேணும்னே ஒளியறான்," என்றார் மனைவியிடம்.

ஒண்ணாம் தேதி பிறந்துவிட்டது. குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார். "கையெழுத்து இல்லாத நோட்டீஸை வச்சு நாக்குதான் வழிக்கணும். புதுசா போடுங்க. காலி பண்ற தேதியை ஒரு மாசம் தள்ளிப் போட்டு, பழைய நோட்டீஸ் ரத்துன்னும் எழுதிடுங்க. அப்பதான் கெட்டி."

மகளுக்குப் போன் போட்டார். "ஒரே ஒரு மாசம் தள்ளிப் போச்சும்மா..."

"பரவாயில்லப்பா, நாளைக்கே நாத்தனார் வீட்டுப் பக்கம் பாப்பாவுக்கு ஸ்கூல் சீட் போட்டுடறேன்," என்று அவள் வைத்துவிட்டாள். பறக்கும்படையாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருஷம் போச்சு. எல்லாம் மாடியில் இருக்கிறவனால் என்று பல்லைக் கடித்தார்.

அன்று மாலை, சாட்சிக்குக் குமாஸ்தாவை வைத்துக்கொண்டு, லிஃப்ட்காரரை வாசல் கேட்டிலேயே மடக்கினார். புது நோட்டீஸை நீட்டினார்.

"மறுபடியுமா சார்?"

"ஆமா. இங்கயே, என் எதிர்லயே கையெழுத்துப் போடணும்."

லிஃப்ட்காரர் நின்றபடியே படித்தார். முகம் மலர்ந்தது. "பழசு ரத்தா? இன்னும் ஒரு மாசம் கூட இருக்கலாமா? பெரிய மனசு சார் உங்களுக்கு." பேனாவை வாங்கி மளமளவென்று போட்டுக் கொடுத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே படியேறினார்.

"அவர் எதுக்குங்க சந்தோஷப்படறார்?" என்றாள் மனைவி.

"நடிப்பு. மாட்டிக்கிட்டவன் எல்லாம் முதல்ல சிரிப்பான்."

கையெழுத்து வைத்த பிரதியை பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

மூன்றாம் தேதி தபால்காரர் மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தார். மறுத்த பதிவுத் தபாலை அனுப்பியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார் என்று புரிந்ததும், பறக்கும்படையார் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

"என்ன, வாங்கிக்கிட்டானா? உள்ள வழக்குதானே வச்சிருந்தான்? யார்கிட்ட?"

"வழக்கா?" தபால்காரர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "நீங்க குடுத்த மொதல் நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டு, வேற வீடு பாத்தாச்சு, சொன்ன தேதிக்கே காலி பண்றேன்னு எழுதி, உள்ள வச்சிருந்தார், இப்ப என் முன்னாடிதான் சார் பிரிச்சுக் காட்டினார், நீங்களே இன்னும் ஒரு மாசம் குடுத்துட்டீங்கன்னு அந்த வீட்டை வேண்டாம்னுட்டாராம்."