விக்கலுக்குச் சொன்ன கலியாணம்

மேடையேறப் போகிறவர்கள் புட்டுச் சாப்பிடக் கூடாது. சுருதி, தாளம், மூச்சு என்று சங்கீதம் படிப்பிக்கிறவர்கள் என்னென்னவோ சொல்லித் தருவார்கள். குளிர்ந்த தண்ணீர் ஆகாது என்பார்கள், மிளகும் கற்கண்டும் நல்லது என்பார்கள். புட்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் என்னிடம் பாட்டுப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே அதைச் சொல்லிவிடுகிறேன். (பாதிப் பேருக்குப் புட்டு என்றால் என்னவென்றே தெரியாது. இருந்தாலும் என் கடமை.)

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு, கொழும்பில் கொஞ்சக் காலம் ஒட்டியிருந்து, கடைசியில் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தோம். நகரின் தென்பகுதியில், மனுரேவாவில் வாடகை வீடு. ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா இங்கே அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போனார். அம்மா வீட்டிலிருந்து உடுப்புத் தைத்தார்.

அடுத்த வீட்டில் ஒரு டொங்கா நாட்டுக் குடும்பம் இருந்தது. அவர்களுடைய கராஜில் காரைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன. பழைய சோபா, கிற்றார், கீபோர்ட், எந்நேரமும் பாடிக்கொண்டிருக்கும் சித்தப்பாமார். அந்த வீட்டுப் பெண் மெலே என் வகுப்பில் படித்தாள். அவள் எங்கள் வீட்டில் நிற்கிறாளோ என்று யாராவது போன் எடுத்து "மெலே இருக்கிறாவா?" என்று கேட்டால், அம்மா வலு மரியாதையாக, "மேலே ஒண்டும் இல்லை, எங்கடை வீடு ஒரு தட்டுத்தான்" என்று சொல்லி வைத்துவிடுவார்.

மெலேதான் எனக்கு ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற நோயைத் தொற்ற வைத்தவள். அந்தக் காலத்தில் ஆக்லாந்தின் தென்பகுதிப் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பாட்டைத்தான் மூச்சாக விட்டார்கள். மெலே 'பேபி' என்ற ஒரு சொல்லை வாயில் எடுத்தால், அது வளைந்து நெளிந்து, பக்கத்து வளவெல்லாம் சுற்றி, களைத்துப்போய் வீடு திரும்பும்வரை விடமாட்டாள். எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை. தேவாரம் படிக்கும்போது ஓர் எழுத்தைப் பிடித்து உருட்டுவோமே, அதே வேலைதான். இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் கோயிலில் தேவாரத்துக்குள்ளேயே மெலேயின் நெளிவு ஒன்றைப் போட்டுவிட்டேன். மணி அடித்துக்கொண்டிருந்த ஐயர் கையை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அம்மா அடுத்த தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அந்த வயதில் எனக்கிருந்த நினைப்பு கொஞ்சநஞ்சமல்ல. காதில் வளையல் அளவுக்குத் தோடு, இரண்டு பேர் நுழையக்கூடிய காற்சட்டை, வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. (கண்ணாடியுடன் சோறு பரிமாறப் போய் அப்பாவின் மடியில் குழம்பு ஊற்றியது தனிக் கதை.) அம்மா காற்சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் ஊசியும் நூலுமாக வருவார். "கழட்டித் தா பிள்ளை, இடுப்பைப் பிடிச்சுத் தாறன்."

நான் பள்ளிக்கூடம் முடித்த வருடம் ஒரு வானொலி நிலையம் பாட்டுப் போட்டி வைத்தது. மனுகாவ் பக்கத்து ஷாப்பிங் சென்டர் ஒன்றின் நடுவில் மேடை. வெல்கிற குழு உண்மையான ஸ்டூடியோவில் ஒரு பாட்டு ஒலிப்பதிவு செய்யலாம். அதை வானொலியிலும் போடுவார்கள். மெலே, அவளுடைய மச்சாள் டினா, நான் மூவரும் பெயர் கொடுத்தோம். மெலே எழுதிய பாட்டு. பிரிந்து போனவனை நினைத்து உருகுகிற, மெதுவான பாட்டு. (எங்களில் ஒருத்தியையும் அதுவரை எவனும் பிரிந்து போயிருக்கவில்லை. வந்தால்தானே பிரிவதற்கு.)

அப்பாவுக்கு நான் கணக்கியல் படிக்க வேண்டும். எனக்குப் பாட வேண்டும். பல நாள் சண்டைக்குப் பிறகு அவர் இறங்கி வந்தார்.

"சரி. நான் வந்து கேக்கிறன். கேட்டுப்போட்டு உண்மையிலை உன்னட்டைச் சரக்கிருக்கெண்டு பட்டால், ஒரு வருசம் பாடு. இல்லையெண்டால் பேசாமல் யூனிவர்சிற்றிக்குப் போ. சம்மதமோ?"

"ஓம் அப்பா."

தனியாக வந்திருந்தால் பரவாயில்லை. தெரிந்த தமிழ்ச் சனத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதில் எல்லர்ஸ்லியிலிருந்து வந்த மணி ஆன்ட்டி முக்கியமானவர். மலேசியாக்காரர், ஒரு அலுவலகத்தில் பெரிய வேலை, தங்கமான மனம். ஆக்லாந்துத் தமிழருக்கு வானொலி இல்லாத குறையை ஒரு தொலைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு தீர்த்தவர் அவர்தான்.

போட்டியன்று பதற்றத்தில் காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை. கார் நிறுத்துமிடத்தில் அம்மா என்னைப் பிடித்து முன் சீட்டில் இருத்தி, டப்பாவைத் திறந்தார். புட்டும் கட்டைச் சம்பலும்.

"வெறும் வயித்தோடை பாடினால் மயக்கம் வரும். ரெண்டு வாய் தின்."

அரிசிமாப் புட்டு, அதுவும் காலையில் அவித்து ஆறிப்போனது. அவசரத்தில் நான்கு வாய் அமுக்கினேன். ஐந்தாவது வாய் பாதி வழியில் நின்றுவிட்டது. தண்ணீரைக் குடித்து அதை உள்ளே தள்ளினேன். புட்டு போய்விட்டது; விக்கல் வந்துவிட்டது.

"ஊரிலை ஆரோ நினைக்கினம்" என்றார் அம்மா. உடனே உறவினர் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். சரியான ஆளின் பெயர் வந்தால் விக்கல் நிற்குமாம். பெரியம்மாவில் தொடங்கிக் கனடா வரைக்கும் போனார். நிற்கவில்லை. மூக்கைப் பிடித்துத் தண்ணீர் குடித்தேன். சீனி தின்றேன். டினா என்னைத் தலைகீழாகப் பிடிக்கலாமா என்று கேட்டாள். அதற்குள் எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையில் வெளிச்சம் முகத்தில் அடித்தது. (கறுப்புக் கண்ணாடி முதல் தடவையாகப் பயன்பட்டது.) மெலே மெல்லத் தொடங்கினாள். நானும் டினாவும் பின்னால் சேர்ந்து இழைத்தோம். மெதுவான பாட்டில் ஒரு தொல்லை என்னவென்றால், அதில் மௌனம் அதிகம். மெலே ஒரு வரியை உருகிப் பாடி முடித்து, கண்ணை மூடி, உலகம் முழுவதும் அவளோடு சேர்ந்து ஏங்கட்டும் என்று நிறுத்துவாள். அந்த இடத்தில்,

"விக்!"

மைக் வழியாக அது மாடிக் கடைகள் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. மெலே ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மொழிபெயர்க்க விரும்பவில்லை. அடுத்த வரி, அடுத்த மௌனம், அடுத்த விக். முன்வரிசையில் தரையில் இருந்த சின்னப் பிள்ளைகள் என்னோடு சேர்ந்து விக்கத் தொடங்கினார்கள். டினா கெட்டிக்காரி. விக்கலுக்கு ஏற்றபடி கையைத் தட்டி, அது வேண்டுமென்றே வைத்த தாளம்போல ஆக்கப் பார்த்தாள். ஆனால் விக்கலுக்கு ஏது தாளம்?

மேடையின் ஓரத்தில் அம்மா தண்ணீர்ப் போத்தலை ஆட்டிக்கொண்டு நின்றார். அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பா. என்னைத் தோற்கடிக்க அவருக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திராது. பேசாமல் நின்றிருந்தால் போதும், நான் கணக்கியல் படித்திருப்பேன். ஆனால் மகள் மேடையில் தத்தளிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. விக்கலை நிறுத்தக் கடைசி மருந்து ஒன்று உண்டு, எல்லாத் தமிழருக்கும் தெரியும். திடுக்கிடுகிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும்.

பாட்டின் நடுவில் இசை மட்டும் வருகிற இடம் வந்தது. அப்பா என்னை நோக்கிக் கையைக் காட்டிக்கொண்டு மேடைப் படியில் ஏறினார். தொப்பி போட்ட அறிவிப்பாளர், யாரோ பெருமை தாங்காத தகப்பன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே மைக்கை அவர் வாயருகே நீட்டினார்.

"வதனி!" என்றார் அப்பா. ஷாப்பிங் சென்டர் முழுக்கக் கேட்டது. "உனக்குக் கலியாணம் முற்றாக்கியாச்சு! பொடியன் ஹமில்டனிலை எஞ்சினியர்! வாற தையிலை கலியாணம்!"

சனம் ஒன்றும் விளங்காமல் கை தட்டியது. விளங்கியவர்கள் உறைந்துபோய் இருந்தார்கள். பிறகு மணி ஆன்ட்டி எழுந்து நின்று, "ஐயோ, ஒரு வார்த்த சொல்லவே இல்ல பாத்தீங்களா!" என்று கூவிக் கையைத் தட்டினார்.

விக்கல் நின்றுவிட்டது. மருந்து பலித்தது. அதோடு பாட்டின் மிச்ச வரிகளும் என் தலையைவிட்டுப் போய்விட்டன. தெற்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருந்த ஹமில்டன் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

இசை ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் நான் தனியாகப் பாட வேண்டும். எனக்கு அப்பா செய்தது மருந்து என்று உறைக்கவே இல்லை. அப்பாவையே பார்த்தேன்.

"யாரைக் கேட்டு..." என்று பாடினேன்.

சத்தியமாகப் பாடத்தான் செய்தேன். இசை இழுத்துக்கொண்டு போனது. "யாரைக் கேட்டு முற்றாக்கினீங்கள்... என்னை ஒரு சொல்லுக் கேட்டீங்களா..." அழுகையும் கோபமுமாக அந்த 'கேட்டு' என்ற சொல்லை எடுத்து உருட்டினேன். அது கராஜில் படித்த நெளிவும் கோயிலில் படித்த நெளிவும் சேர்ந்து எங்கெங்கோ ஏறி இறங்கியது. மெலே விக்கலைத்தான் மன்னிக்கவில்லை. பாட்டு என்றால் அவளுக்குக் காது கூர்மை. உடனே டினாவை இடித்து, இருவரும் எனக்குப் பின்னால் "யா-ரைக் கே-ட்டு" என்று சுருதி சேர்த்தார்கள். தமிழில் இரண்டு சொல்லும் தெரியாதவர்கள், ஓர் எழுத்துப் பிசகாமல் பாடினார்கள். கீழே சனம் கையை உயர்த்தி ஆட்டியது. ஒரு பெண் கண்ணைத் துடைத்ததை நானே பார்த்தேன்.

நாங்கள் வெல்லவில்லை. அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்ட பொடியன்கள் நால்வர் வென்றார்கள். ஆனால் நடுவர்களில் ஒருவர், ஒட்டாராவில் சொந்தமாகச் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்த மனிதர், எங்களைத் தேடி வந்தார். பின்பாட்டுப் பாட ஆள் தேவை, மூவரும் வருவீர்களா என்று கேட்டார். "அந்த நடுப்பகுதி என்ன மொழி? அவ்வளவு வலி! யாரை இழந்து பாடினீர்கள்?" என்றும் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மெலே சொன்னாள், "ஹமில்டனில் ஒருவரை."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் காரின் பின் சீட்டில் அழுதுகொண்டே இருந்தேன். அப்பாவுக்கு ஏனென்று விளங்க வெகுநேரம் எடுத்தது.

"அடி விசரி! அது விக்கலுக்குச் சொன்னது. ஹமில்டனிலை எனக்கு ஒரு நாய்க்குட்டியையும் தெரியாது."

அம்மா முன் சீட்டிலிருந்து, "விக்கலுக்குச் சொல்லுறவர் வீடு எரியுதெண்டு சொல்லியிருக்கலாமே!" என்று அவரைப் பிடித்துக்கொண்டார். அப்பா முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

"யாரைக் கேட்டெண்டு என்னைக் கேட்டியே... நல்லாய் இருந்தது. அவ்வளவு கோவத்திலையும் சுருதி விலகேல்லை. ஒரு வருசம் பாடு."

நான் இன்னும் பலமாக அழுதேன்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. மணி ஆன்ட்டி எங்களை முந்தியிருந்தார். வாழ்த்துகள் வந்தன. மாப்பிள்ளை எந்த ஊர், எந்தக் கோயில், சாப்பாட்டுக்கு யார் என்று கேள்விகள் வந்தன. அப்பா எல்லாருக்கும் விளக்கினார், ஒருவரும் நம்பவில்லை. "சரி லா, நேரம் வரும்போது சொல்லுங்க" என்று சிரித்துவிட்டு வைத்தார் மணி ஆன்ட்டி.

அடுத்த வாரம் ஒரு புதுக் குரல்.

"அங்கிள், நான் ஹமில்டனிலையிருந்து கதைக்கிறன். எஞ்சினியராய் இருக்கிறன். வாற தையிலை எனக்குக் கலியாணமாம். எனக்கும் ஒருக்கால் சொல்லியிருக்கலாமே?"

அந்தக் காலத்தில் ஹமில்டனில் கலியாணமாகாத தமிழ் எஞ்சினியர் என்று அந்தப் பாவப்பட்ட மனிதர் ஒருவர்தான் இருந்திருக்கிறார். கொழும்பிலிருக்கும் அவருடைய தாய்க்குச் செய்தி போய், சொல்லாமல் கொள்ளாமல் பெண் பார்த்தாயா என்று தாய் அழுதிருக்கிறார். அதைவிடப் பெரிய சிக்கல், இவர் தன்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் அப்போதுதான் மனதைத் திறந்து சொல்லியிருக்கிறார். அப்பா அந்த ஞாயிறே பூசை முடிந்ததும் கோயிலில் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லும் குரலில் அறிவித்தார்.

"ஹமில்டன் தம்பிக்கும் என்ரை மகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது விக்கலுக்குச் சொன்னது."

அன்று பிடித்தது அந்தச் சொல். அதன் பிறகு ஆக்லாந்துத் தமிழர் நடுவில் நம்ப முடியாத எதைச் சொன்னாலும், "இது உண்மையோ, விக்கலுக்குச் சொன்னதோ?" என்பார்கள். சமைத்துவிட்டேன் என்று நான் சொன்னால் என் மகள் குசினியை எட்டிப் பார்த்துவிட்டு, "இஸ் திஸ் எ விக்கல், மம்?" என்கிறாள். ஒரு வருடம் என்று அப்பா தந்த அனுமதி முடிந்ததா என்று யாரும் பிறகு பார்க்கவில்லை. ஒட்டாராவில் பின்பாட்டுப் பாடினோம், பிறகு முன்னுக்கு வந்தோம், எங்கள் பெயரிலேயே ஓர் இசைத்தட்டும் வந்தது. பாட்டனி டவுன்ஸ் பக்கத்து இசைத்தட்டுக் கடையில் அதைப் பார்த்த அப்பா, யாரும் காணாதபடி முன்வரிசைக்கு நகர்த்திவைத்துவிட்டு வந்தார்.

அந்தத் தொண்ணூறுகள் முடிவதற்குள், எங்கள் குழுவில் பேஸ் கிற்றார் வாசித்த டேவிட்டும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். அதை வீட்டில் சொல்வதற்கு நான் மேடையைவிட அதிகமாகப் பயந்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அப்பா, நான் கலியாணம் செய்யப்போறன். ஆளும் பாத்தாச்சு."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தார். பதறாமல், அன்பாகவே சொன்னார்.

"எனக்கு விக்கல் ஒண்டும் இல்லையே, பிள்ளை."